மைக் செட் அண்ணாச்சி பதில்கள்: உசுப்பேற்றும் ஒன்றரை நிமிடம்

செங்கோட்டையில், கொல்லம் சாலையில், அப்பா காலத்து ஒலிபெருக்கிக் கடையை நடத்துகிறவர் அண்ணாச்சி. கொடை, கபடி, கல்யாணம் என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவருடைய குழாய்கள் பாடிக்கொண்டிருக்கின்றன. சென்ற இதழில், ஒரு கபடிப் போட்டிக்கு ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) பாட்டு, 'ஆண்களை உசுப்பும் பாட்டு', போட்டதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன.

இலஞ்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:
கபடிக்கு ஜப்பான் பாட்டா? நம்மிடம் இல்லாத பாட்டா அண்ணாச்சி?

சார், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் சமயம், பண்பொழிப் பக்கம் ஒரு ராத்திரிப் போட்டி. அணிகள் மைதானத்துக்குள் வரும்போது ஒரு பாட்டு வேண்டும். ஒரு நடிகரின் பாட்டைப் போட்டேன், இன்னொரு நடிகரின் ரசிகர்கள் எழுந்து கத்தினார்கள். அவர் பாட்டைப் போட்டேன், இவர்கள் கத்தினார்கள். இதெல்லாம் சின்ன விஷயம். நம்ம பக்கம் எந்தப் பாட்டை எந்தத் தெருவில் போட்டால் கல் வரும் என்பது மைக் செட்காரனுக்குத்தான் தெரியும். என் அப்பா அதற்கு ஒரு நோட்டே வைத்திருந்தார். இந்தத் தெருவுக்கு இந்தப் பாட்டு கூடாது, அந்தத் தெருவுக்கு அது கூடாது என்று பென்சிலில் எழுதியிருக்கும். நோட்டு நிரம்ப நிரம்பப் போடக்கூடிய பாட்டு குறைந்துகொண்டே வந்தது.

அப்போது ஒரு பையன் வந்து பென் டிரைவை நீட்டினான். 'இதப் போடுங்க அண்ணாச்சி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.' போட்டேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' என்ற தொடரின் முதல் பாட்டு, 'குரென் நோ யுமியா'. 2013-இல் வந்தது. லிங்க்டு ஹொரைசன் என்ற குழு பாடியது. ஜெர்மன் சொற்களோடு கோஷ்டிக் குரல் எழும், பிறகு ஜப்பானிய மொழிக்குத் தாவி, குதிரைப்படை மாதிரி ஓட ஆரம்பிக்கும். மைதானமே ஒரு கணம் வாயடைத்து நின்றது. அப்புறம் இரண்டு அணிப் பையன்களும் ஒரே நேரத்தில் தொடையைத் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, 'எந்தச் சர்ச்சுப் பாட்டுவே இது? நல்லா இருக்கே' என்றார்.

அது யாருடைய பாட்டும் இல்லை சார். எந்தத் தெருவுக்கும், எந்தக் கட்சிக்கும், எந்த ரசிகர் மன்றத்துக்கும் சொந்தமில்லை. அதனால்தான் போட்டேன். உங்களுக்குப் பழைய பாட்டு வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், இசைத்தட்டுகள்கூட வைத்திருக்கிறேன்.

வல்லம், கல்லூரி மாணவர்:
ஒரு வார்த்தைகூடப் புரியாத பாட்டு எப்படி உடம்புக்குள் போகிறது?

1993-இல் எனக்குப் பதினொரு வயது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் கலர் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் மௌக்லி வருவான். தொடக்கத்தில் ஒரு இந்திப் பாட்டு. குல்சார் எழுதியது, விஷால் பரத்வாஜ் இசை. அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முப்பது பிள்ளைகளில் ஒருவனுக்கும் இந்தி தெரியாது, முப்பது பேரும் பாடுவோம். அந்தத் தொடர் 1989-இல் ஜப்பானில் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரிய இன்னும் இருபது வருடம் ஆனது. ஆக, நம்மில் பல பேர் அனிமே பார்க்கிறோம் என்று தெரியாமலே அனிமே பார்த்தவர்கள்.

இன்னொன்று, ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். நம் வாய்க்கு அது பழக்கமான வேலை. ஆங்கிலப் பாட்டைப் பாடத் தடுமாறுகிற என் மகன் ஜப்பானியப் பாட்டைத் தடங்கல் இல்லாமல் பாடுகிறான். அர்த்தம் கேட்டால் முழிக்கிறான். செங்கோட்டைக்காரனுக்கு இது புதுசு இல்லை. 1956 வரை நாம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். மலையாளப் பாட்டைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் முழுசாகப் பாடி வளர்ந்த ஊர் இது.

தென்காசி, உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர்:
பழைய பாட்டா, புதுப் பாட்டா? எங்கள் ஜிம்மில் தினமும் இதே சண்டை. நீங்கள் தீர்ப்பு சொல்லுங்கள்.

தீர்ப்புக்கு முன்னால் உங்கள் ஸ்பீக்கர் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது.

கூம்பு வடிவக் குழாய் இருக்கிறதே, அதில் அடித்தொண்டை வராது. தவில் தொப்பியின் 'தொம்' அதில் பாதி செத்துப்போகும். மனிதக் குரலும், டிரம்பெட்டும், நாதஸ்வரமும் மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு மைல் போகும். 1970-களின் அனிமே பாட்டுகள் சின்ன டிவிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் வருவதற்காகச் செய்யப்பட்டவை. அதனால் குரலும் பித்தளை வாத்தியமும் முன்னால் நிற்கும். 1972-இல் வந்த 'மசிங்கர் ஸெட்' பாட்டை என் குழாயில் போட்டுப் பார்த்தேன். ஐம்பது வருடம் முந்தைய பாட்டு, நேற்றுச் செய்தது மாதிரி கணீரென்று வந்தது. அதே குழாயில் 2022-இல் வந்த 'கிக் பேக்' போட்டேன். 'செயின்சா மேன்' தொடரின் பாட்டு, கென்ஷி யொனெசு பாடியது. அந்தப் பாட்டின் உயிரே பேஸ் கிட்டாரில் இருக்கிறது. குழாயில் தகர டப்பாவுக்குள் குளவி மாதிரி கேட்டது. பேஸ் வரட்டும் என்று பாக்ஸுக்கு மாற்றி வால்யூமைக் கொஞ்சம் கூடவே ஏற்றினேன், ஸ்பீக்கர் காயில் கருகிவிட்டது. பாட்டின் மேல் தப்பில்லை, என் கை சும்மா இருக்கவில்லை.

அதனால், உங்களிடம் பெரிய பாக்ஸ் இருந்தால் புதுசு போடுங்கள். சுவரில் மாட்டிய சின்ன ஸ்பீக்கர் என்றால் பழசுதான். சண்டை முடிந்தது.

ஆனால் பழசைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. 'மசிங்கர்' பாட்டைப் பாடியவர் இச்சிரோ மிசுகி. பாடல்களின் நடுவே 'ஸெ...ட்!' என்று அவர் இழுத்துக் கத்துவது ஜப்பானில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். 1999 ஆகஸ்டில் இந்த மனிதர் மேடையேறி, 24 மணி நேரத்தில் ஆயிரம் பாட்டு பாடினார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பாட்டுக்கு 86 நொடி. டிவியில் வருகிற தொடக்கப் பாட்டின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான், 89 அல்லது 90 நொடி. தன் ஆயுள் முழுக்க எந்த அளவில் பாடினாரோ அதே அளவில் ஒரு நாளை அறுத்து அறுத்துப் பாடியிருக்கிறார். 2022 நவம்பர் 27 அன்றுகூட மேடையில் பாடினார். நுரையீரல் புற்றுநோயோடு. டிசம்பர் 6 அன்று இறந்துவிட்டார். அந்தச் செய்தியை என் மகன் சொன்ன அன்று கடையில் 'மசிங்கர்' ஓடியது. டீ குடிக்க வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அவர் 2000-இல் தொடங்கிய ஜாம் புராஜெக்ட் என்ற குழு இன்றும் இருக்கிறது. 2015-இல் 'ஒன் பஞ்ச் மேன்' தொடருக்கு அவர்கள் பாடிய 'தி ஹீரோ' உங்கள் ஜிம்மில் கட்டாயம் ஓடும், சந்தேகமே இல்லை. அதில் பாடும் ஹிரோனோபு ககெயாமாதான் 1989-இல் 'டிராகன் பால் ஸீ'க்கு 'சலா ஹெட் சலா' பாடியவர். பதினாறு வயதில் ராக் குழுவில் பாட்டுக்காரர், இருபது வயதில் குழு கலைந்துவிட்டது. அப்புறம் குழந்தைகள் தொடருக்குப் பாட வந்தார். நம்மூர் மெல்லிசைக் குழுக்காரர்கள் இதைக் கேட்டால் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அவர்களுக்கு அந்த இரண்டாவது கதவு திறப்பதில்லை.

1984-இல் வந்த 'ஹொகுதோ நோ கென்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்டல் கிங் என்ற குழு. ஒருவர் அடித்தொண்டை, இன்னொருவர் உச்சத் தொண்டை. கனமான எடையைத் தூக்கும்போது முதலில் மூச்சைக் கீழே பிடித்து, பிறகு மேலே தள்ளுவோம் இல்லையா, அந்த இரண்டு குரலும் அதையே செய்கின்றன.

மேக்கரை, காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுபவர்:
1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எனக்கு 7.40 ஆகிறது. பாட்டு உதவுமா அண்ணாச்சி?

தம்பி, தேர்வு மைதானத்தில் காதில் எதையும் மாட்ட விடமாட்டார்கள். ஆனால் பழகும்போது இது ஒரு நல்ல கடிகாரம். 7 நிமிடம் என்றால் 420 நொடி. டிவி அளவில் ஒரு பாட்டு 90 நொடி. நாலு பாட்டு முழுசாக ஓடினால் 360. ஐந்தாவது பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு முடிவதற்குள் நீ கோட்டைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் 322 மீட்டர் போயிருந்தால் கணக்கு சரி.

வரிசையையும் சொல்கிறேன். முதலில் 'நருட்டோ ஷிப்புடென்' தொடரின் 'சிலுவெட்', 2014-இல் கானா பூன் குழு பாடியது. இரண்டாவது 'நருட்டோ'வின் பழைய பாட்டு 'ஹருகா கனதா', ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் குழு. மூன்றாவது அதே தொடரின் 'கோ', ஃப்ளோ குழு, 2004. இங்கேதான் உனக்கு மூச்சு முட்டும், அதனால்தான் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற பாட்டை இங்கே வைத்தேன். நான்காவது 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரின் 'அகெய்ன்', யுய் பாடியது, 2009. வார்த்தைகள் மூச்சு விடாமல் கொட்டும், கால் தானாக அதன் பின்னால் ஓடும். கடைசி 'குரெங்கே'. அதைப் பற்றிக் கீழே ஒரு தங்கச்சிக்கும் எழுதியிருக்கிறேன்.

முழுப் பாட்டை இறக்கிவிடாதே. முழுப் பாட்டு நாலு நிமிடம், நடுவில் கிட்டார்க்காரர் ஓய்வெடுப்பார், நீயும் எடுத்துவிடுவாய். டிவி அளவாகப் பார்த்து இறக்கு.

பாவூர்சத்திரம், காய்கறி வேன் ஓட்டுநர்:
மார்க்கெட்டில் ராத்திரி லோடு ஏற்றி விடிகாலையில் புனலூர் போய்ச் சேர வேண்டும். புளியரை தாண்டி மலையில் ஏறும்போது தூக்கம் சொக்குகிறது. நல்ல உசுப்பலான பாட்டு சொல்லுங்கள்.

தம்பிக்காகவே செய்த தொடர் ஒன்று இருக்கிறது. 'இனிஷியல் டி', 1998-இல் டிவிக்கு வந்தது. கதாநாயகன் பள்ளிக்கூடப் பையன், அப்பா டோஃபு கடைக்காரர். விடிகாலையில் மலைச்சாலையில் டோஃபு கொண்டுபோய்ப் போட வேண்டும், அது பன்னீரைவிட மிருதுவான பண்டம், குலுங்கினால் போச்சு. அதனால் அப்பா காரில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிடுவார், ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டி ஓட்டியே அந்தப் பையன் பழைய டொயோட்டாவை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கார்க்காரர்களைத் தோற்கடிக்கிறான். கதையில் வரும் மலை, குன்மா மாகாணத்தில் உள்ள ஹருனா மலையைப் பார்த்து வரைந்தது. அந்தத் தொடரில் பந்தயத்துக்கு வரும் பாட்டுகள் ஜப்பானில் செய்தவை அல்ல, பெரும்பாலும் இத்தாலியில் செய்த யூரோபீட். சின்தசைசர் சவுக்கடி மாதிரி விழும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். அதை எஸ் வளைவில் போடாதே. கோட்டைவாசல் வரைக்கும் உனக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும், உன் கால் பாட்டோடு போகும், அப்புறம் தக்காளிப் பெட்டி உன் மடியில் இருக்கும். அந்தக் கதையில் பையன் கற்றுக்கொண்டது வேகத்தை அல்ல, தண்ணீர் சிந்தாமல் இருப்பதை. தூக்கம் சொக்கினால் பாட்டு மருந்து ஆகாது. புளியரையில் வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் கண்ணை மூடு. முழித்ததும் ஒரு கட்டன் சாயா. யூரோபீட் மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் வேண்டாம், வண்டி காலியாகத் திரும்பி வரும்போது, சமதளத்தில்.

புனலூர், தமிழ் வாசகி:
'ஆண்களை உசுப்பும் பாட்டு' என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் கேட்டால் உசும்பாதா?

தங்கச்சி, அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த வரியை எழுதிய கையோடு என் வீட்டுக்காரியும் இதையே கேட்டாள்.

தென்காசி ஜிம்மில் மீசைக்காரர்கள் எடை தூக்கும்போது ஓடுகிற பாட்டு எது என்று போன வாரம் போய்ப் பார்த்தேன். 'டீமன் ஸ்லேயர்' தொடரின் 'குரெங்கே', 2019. பாடியவர் லிசா என்ற பெண், வரிகள் எழுதியவரும் அவரே, மெட்டு போட்டவரும் ஒரு பெண். பெயருக்கு அர்த்தம் செந்தாமரைப் பூ. மேலே சொன்ன கபடிப் பாட்டின் 'குரென்'னும் இதே செந்தாமரைச் சிவப்புதான். 1995-இல் 'எவாஞ்சலியன்' தொடருக்கு யோகோ தகஹாஷி பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஜப்பானில் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பாடும் பாட்டு அது.

இன்னொன்று சொன்னால் உங்கள் ஊர்ப் பையன்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். 'டிராகன் பால்' கதாநாயகன், மலையை உடைக்கிற கோக்குவுக்கு ஜப்பானியத்தில் குரல் கொடுப்பவர் மசாகோ நொசாவா, 1936-இல் பிறந்த அம்மையார். நருட்டோவுக்கும், 'ஒன் பீஸ்' லூஃபிக்கும், போக்கிமான் பையனுக்கும் குரல் கொடுத்தவர்கள் பெண்கள்தான். 1997-இல் வந்த போக்கிமான் முதல் பாட்டைப் பாடியதும் அந்தப் பையனுக்குக் குரல் கொடுத்த ரிகா மத்சுமோத்தோவேதான். அதனால் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தலைப்பு போட்டது ஆசிரியர் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் எழுதியது நான்தான்.

உங்கள் பக்கத்துச் செண்டை மேளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சாரி மேளம் 96 அட்சரம் கொண்ட தாளச் சுற்றில் ஆற அமரத் தொடங்கி, 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகச் சுருங்கிச் சுருங்கி மேலே ஏறும். கைகள் எல்லாம் தானாக ஆகாயத்துக்குப் போகும் இடம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். நான் மைக் பிடிக்கப் போன கோவில்களில் அந்தக் கடைசிக் கட்டத்தில் வேலையை மறந்து நின்றிருக்கிறேன். அனிமேக்காரருக்கு அந்த வசதி இல்லை, அவர் கையில் 90 நொடிதான். அதனால் அவர் கடைசிக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறார்.

புளியங்குடி, பள்ளி மாணவர்:
முதல் அனிமே பாட்டு எது?

அரை மணி நேர வாரத் தொடர் என்று பார்த்தால் 1963-இல் வந்த 'அஸ்ட்ரோ பாய்'. முதலில் வெறும் மெட்டுதான் வந்தது, வரிகள் அப்புறம்தான் சேர்ந்தன. எழுதியவர் ஷுன்தாரோ தனிகாவா, பெரிய கவிஞர். ராக்கெட் பையனுக்குக் கவிஞர் பாட்டு எழுதினாரா என்று உன் தமிழ் ஐயாவிடம் கேட்டுப் பார், முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

ஷார்ஜாவிலிருந்து கடையநல்லூர்க்காரர்:
கிடங்கில் இரவு வேலை. மூன்று மணிக்கு மேல் கை ஓடாது. சத்தமாக இல்லாமல், ஆனால் எழுப்பி விடுகிற மாதிரி ஒன்று?

'பட்டர்-ஃப்ளை'. 1999, 'டிஜிமான்' தொடர், பாடியவர் கோஜி வாடா. கிட்டார் வேகமாகத்தான் போகும், ஆனால் குரல் உங்களைத் திட்டாது, கூட வரும். வாடாவுக்கு 2003-இல் புற்றுநோய் வந்து, தேறி, மறுபடி வந்தது. புதிய டிஜிமான் படங்களுக்காக அந்தப் பாட்டை மறுபடி பாடிக் கொடுத்தார். 2016 ஏப்ரலில் போய்விட்டார். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது இளைஞன் பாடுவது, இரண்டாவது அதையெல்லாம் தாண்டி வந்தவர் பாடுவது. மூன்று மணிக்கு இரண்டாவதுதான் சரிப்படும் என்று தோன்றுகிறது.

அச்சன்புதூர், பெயர் வேண்டாம்:
2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசி வந்ததே, பாட்டையும் தமிழில் போட்டிருக்கலாமே?

நானும் மகனோடு போய்ப் பார்த்தேன். வசனம் தமிழில், பாட்டு ஜப்பானியத்தில். அப்படியே இருக்கட்டும். தமிழில் போட்டிருந்தால் பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த நடிகருக்குப் பாடுகிறவர் என்று ஆரம்பித்திருப்பார்கள். என் அப்பாவின் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சுந்தரபாண்டியபுரம், மாப்பிள்ளை:
அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அனிமே பாட்டு வேண்டும். எது போடலாம்?

'டேங்க்!'. 1998-இல் வந்த 'கவ்பாய் பீபாப்' தொடரின் தொடக்கம், யோகோ கன்னோ இசை. ஆரம்பத்தில் யாரோ பேசுவதுபோல் இரண்டு வரி, அப்புறம் முழுக்க டிரம்பெட்டும் சாக்ஸபோனும்தான். என் குழாயில் அருமையாக வரும் என்று ஏற்கெனவே சோதித்துவிட்டேன். பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசிக்கும் ஒருவருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார், வாயைத் துடைத்துக்கொண்டார், 'இதுக்குத் தனி ரேட்டு அண்ணாச்சி' என்றார். ஆகவே பென் டிரைவிலேயே போட்டுக்கொள்வோம்.

பெண் வீட்டாரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாய் கட்ட முடியாது, போலீஸ் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள், எனவே ஒன்பதரைக்குள் மாப்பிள்ளை மண்டபத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் உங்கள் கணக்கு.